அடியில் தங்கும் மண்டி

பர் துபாய் ஓட்டலுக்குப் போன ஒன்பது பெட்டிகளில் ஏழு திரும்பி வந்து, அல் கூஸ் கிடங்கின் இறக்குமேடையில் வெயிலில் கிடந்தன. ஸ்டோர் கீப்பர் மரியராஜ் அவற்றைச் சுற்றி ஒருமுறை நடந்தான். ஒவ்வொரு பெட்டியின் மேலும் யாரோ சிவப்பு மார்க்கரால் ‘டர்ட்டி’ என்று எழுதியிருந்தார்கள். எழுதியவனுக்குக் கோபம் போல, அட்டை கிழியும்படி அழுத்தியிருந்தான். இது மூன்றாவது தடவை. முதலில் இரண்டு பெட்டி வந்தது, பிறகு நான்கு, இப்போது ஏழு. இப்படியே போனால் அடுத்த வாரம் ஓட்டலே பெயர்ந்து வந்து மேடையில் நிற்கும் போலிருந்தது.

ஒரு பெட்டியைப் பிரித்து ஒரு புட்டியை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான். உள்ளே பீர் கழுநீர் மாதிரி கலங்கியிருந்தது. அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மார்ச் மாதம் இங்கிலாந்திலிருந்து அறுபது பெட்டியும் வந்து சேர்ந்த வாரத்தில், விதிப்படி ஒரு பெட்டியை உடைத்து மாதிரி பார்த்தவன் அவன்தான். அன்றைக்கு பேல் ஏல் என்ற அந்த வகைப் பீர் புட்டிக்குள் நல்லெண்ணெய் நிறத்தில் தெளிந்து நின்றது. அடியில் மட்டும் நகக்கனத்துக்கு வெளுத்த மண்டி. அதைப் பார்த்துத்தான் ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்ற தாளில் கையெழுத்துப் போட்டான். அதன்பிறகு வேறு பெட்டியைப் பிரிக்க வழியில்லை. சீல் உடைந்த பெட்டியை எந்த ஓட்டலும் வாங்காது. இங்கே நன்றாக இருந்தது அங்கே போனதும் எப்படிக் கலங்குகிறது என்பது அவனுக்குப் பிடிபடவே இல்லை.

“என்னண்ணே, மறுபடியுமா?” என்றான் பன்னீர்செல்வம். பெரம்பலூர்க்காரன், ஆறு வருஷமாக இந்தக் கிடங்கில் பெட்டி தூக்குகிறவன்.

“ஒனக்கு ஒண்ணுமில்ல. எடுத்து உள்ள வை. பத்திரமா வை.”

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஒரு துண்டுத்தாள் இருந்தது. மற்றவர்கள் அதை டீத்தம்ளருக்கு அடியில் போடுவார்கள். மரியராஜ் அகராதியும் கையுமாக மூன்று வெள்ளிக்கிழமை உட்கார்ந்து அதை வரிவரியாகப் படித்திருந்தான். வாற்கோதுமையை முளைகட்டி, கறுக விடாமல் இளஞ்சூட்டில் உலர்த்துவதால்தான் அந்த வெளுத்த நிறமாம். ஹாப்ஸ் என்ற கொடியின் பூவை அள்ளிப் போடுவது கசப்புக்கும், சீக்கிரம் கெட்டுப்போகாமல் இருக்கவும். நொதித்து அடங்கியதும் வேலை முடிந்தது என்று விடுவதில்லை. கொஞ்சம் சர்க்கரையும் உயிருள்ள ஈஸ்டும் சேர்த்துப் புட்டியில் ஊற்றி மூடிவிடுகிறார்கள். மூடிக்குள்ளேயே அது மறுபடி மெல்ல வேலை செய்து, நுரையைத் தானே உண்டாக்கிக்கொண்டு, களைத்துப்போய் அடியில் படுத்துவிடுகிறது. அந்தப் படுத்த ஈஸ்ட்தான் மண்டி. குடிக்கிறவன் செய்ய வேண்டியதெல்லாம் இரண்டு நாள் புட்டியை அசையாமல் நிறுத்தி, ஒரே சாய்வில் மெதுவாக ஊற்றி, கடைசி ஒரு விரற்கடையைப் புட்டியிலேயே விட்டுவிடுவது. அவ்வளவுதான். ஆப்பமாவு பொங்குவதைப் பார்த்து வளர்ந்த எவனுக்கும் இதில் விளங்காதது ஒன்றுமில்லை. ஆனால் விளங்கிக்கொள்ள எவனுக்கு நேரம் இருக்கிறது இந்த ஊரில்?

தாளில் மெட்ராஸ் என்ற பெயர் வேறு இருந்தது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்த வகைப் பீரைத்தான் பீப்பாய் பீப்பாயாகப் பாய்மரக் கப்பலில் ஏற்றி மெட்ராசுக்கும் கல்கத்தாவுக்கும் அனுப்பினார்களாம். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நாலைந்து மாசப் பயணம். அத்தனை வெக்கையிலும் ஆட்டத்திலும் அது கப்பலுக்குள்ளேயே பக்குவப்பட்டு, கரையிறங்கும்போது முன்னைவிட ருசியாக இருந்தது என்று தாள் பெருமையடித்துக்கொண்டது. மரியராஜுக்கு அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. ஐந்து மாசம் கடலைத் தாங்கிய சரக்கு, அல் கூஸிலிருந்து பர் துபாய் போகிற பதினைந்து கிலோமீட்டரைத் தாங்கவில்லை என்றால் எவன் நம்புவான்? தாளின் பின்பக்கம் அதைக் காய்ச்சுகிற புருஷன் பெண்டாட்டியின் படம் இருந்தது. இரண்டு பேரும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, கன்னம் சிவக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் இருப்பது வண்டி. எனவே முதலில் இரண்டு பெட்டி திரும்பி வந்தபோதே அவன் டிரைவரைப் பிடித்திருந்தான். டிரைவர் ஜெப்ரின் கருங்கல் ஊரைச் சேர்ந்தவன், குளச்சல் பக்கத்து மரியராஜுக்குச் சொந்த ஊர்க்காரன் மாதிரி. அந்த உரிமையில் இரண்டு பேரும் ஒருவரையொருவர் தாராளமாகத் திட்டிக்கொள்வார்கள்.

“லேய், நீ வேகத்தடையில வண்டியத் தூக்கித் தூக்கிப் போடுதியா? உள்ள இருக்கது கலங்கிப் போவுதுல.”

“அண்ணே, எனக்க வண்டியில முட்டை ஏத்துனா ஒரு முட்டை ஒடையாது. ஒங்க பீரு மட்டும் என்ன, நெறமாசக்காரியா?”

ஒரு தடவை மரியராஜே முன்சீட்டில் உட்கார்ந்து போனான். நாற்பதுக்கு மேல் ஓட்ட விடவில்லை. பின்னால் வந்தவர்களெல்லாம் ஹாரனிலேயே திட்டினார்கள். ஓட்டலில் பாரைப் பார்த்துக்கொள்கிற கோவாக்காரனுக்கு எப்படி ஊற்றுவது என்று மூன்று தடவை செய்து காட்டினான். அந்த ஆள் மூன்றாவது தடவை கொட்டாவி விட்டான். அன்றைக்குக் கொண்டுபோன சரக்குதான் இதோ, ஏழு பெட்டியாகத் திரும்பி வந்து நிற்கிறது. அங்கே தினமும் வருகிற தாடிக்கார வெள்ளைக்காரர் ஒருவருக்காகத்தான் ஓட்டல் இந்தச் சரக்கையே கேட்டு வாங்கியது. அவர் கோப்பையைப் பார்த்துவிட்டு, “இதை வைத்துப் பந்து விளையாடினீர்களா?” என்று கேட்டாராம். ஜெப்ரின் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான். மரியராஜுக்குச் சிரிப்பு வரவில்லை.

சிரிப்பு எப்படி வரும்? மே மாதம் இரண்டாம் ஞாயிறு அவன் மகள் ஷாஜினிக்குப் புதுநன்மை. ஒன்பது வயதில் முதல்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். அவள் பிறந்ததையும் ஞானஸ்நானத்தையும் அவன் ஃபோட்டோவில்தான் பார்த்தான். இதையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வருஷத்துக்கு முன்பே லீவு எழுதிக் கொடுத்திருந்தான். வியாழக்கிழமை சாயங்காலம் திருவனந்தபுரத்துக்கு விமானம். வெள்ளை உடுப்பு தைத்தாயிற்று என்று மனைவி அன்னபாக்கியம் சொன்னாள். ஷாஜினி ஃபோனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“அப்பா, மெழுகுதிரிய அப்பாதான் கொளுத்தித் தரணும்னு ஃபாதர் சொன்னாரு. நீங்க வரலேன்னா மாமா தருவாராம். எனக்கு மாமா வேண்டாம்.”

“வருவேம்மா. டிக்கெட் எடுத்தாச்சுல்லா.”

டிக்கெட் இருந்தது. பாஸ்போர்ட்தான், ஆபரேஷன்ஸ் மேனேஜர் ஜலஜா மேடத்தின் மேஜை டிராயரில் இருந்தது. மேடம் கெட்டவள் இல்லை. வேலை தீர்ந்து ஃபைல் மூடினால் போதும் என்கிற ரகம்.

“மரியராஜ், ரிட்டர்ன் ஃபைல் ஓப்பனா இருக்கறப்போ ஸ்டோர் கீப்பரை லீவுல அனுப்ப முடியாது. ரூல் நான் போட்டதில்ல. ‘வந்து சேரும்போதே கெட்டிருந்தது’ன்னு ஒரு லெட்டர் அடிச்சு வச்சிருக்கேன். சைன் பண்ணிட்டு நிம்மதியா ஊருக்குப் போங்களேன்.”

“வரும்போ நல்லா இருந்துது மேடம். நான் பாத்துல்லா ஒப்பு போட்டேன்.”

“சரி. அப்போ இங்க வந்தப்புறம் யாரோ கெடுத்திருக்காங்க. யாரு?”

“அதான் தெரியல.”

“தெரிஞ்சுட்டு வாங்க.”

மேடத்தின் அறையிலிருந்து இறங்குகிற படிக்கட்டின் சுவரில் ஒரு கேடயம் தொங்கியது. அதில் மரியராஜின் பெயர் பொறித்திருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அவனும் பெட்டி தூக்குகிறவனாக இருந்தபோது, கிடங்கின் முன்கூடத்தில் இருந்த மாம்பழச்சாறு புட்டிகளில் சாறு அடியில் கட்டியாக இறுகி, சூப்பர் மார்க்கெட்காரர்கள் வண்டி வண்டியாகத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு வழி கண்டுபிடித்தவன் மரியராஜ். வியாழக்கிழமைதோறும், பிறகு வண்டியில் ஏற்றுவதற்கு முன் ஒருமுறை, பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பத்து எண்ணி, நிமிர்த்தி வைக்க வேண்டும். அதோடு சாறு திரும்பி வருவது நின்றது. கம்பெனி அவனுக்குக் கேடயம் கொடுத்து, கைகுலுக்கி, ஸ்டோர் கீப்பர் ஆக்கியது. வளைகுடாவுக்கு வந்து பதினோரு வருஷத்தில் அவன் தலையைக் கொண்டு செய்த ஒரே காரியம் அது. மற்றதெல்லாம் தோளைக் கொண்டு செய்தது. அந்தப் படியில் ஏறி இறங்கும்போது அவன் கண் அந்தப் பக்கம் போகாமல் இருந்ததில்லை.

கடைசியில் அவன் மேடத்திடம் ஒரு தவணை கேட்டான். “ஒரே ஒரு பெட்டி மேடம். ரெண்டு நாள் நான் தனியா நிறுத்தி வைக்கேன். எனக்க மடியில வச்சுக் கொண்டுபோறேன். நானே ஊத்திக் காட்டுதேன். நீங்களும் வாங்க.” சனிக்கிழமை மத்தியானம் என்று முடிவாயிற்று. புதன்கிழமை அவன் பின்கட்டில் இருந்த பூட்டுப்போட்ட மது அறைக்குள் போய், ஒரு பெட்டியைத் தேர்ந்து மூலையில் வைத்து, அதன் மேல் பெரிதாகத் தன் பெயரை எழுதினான். வியாழக்கிழமை வழக்கம்போல் சாவியைப் பன்னீர்செல்வத்திடம் கொடுத்துவிட்டு, மேலே வாராந்தர ரிப்போர்ட் எழுதப் போனான்.

சனிக்கிழமை காலை ஜெப்ரின் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். பன்னீர்செல்வம் பெட்டியைத் தூக்கி வந்து கல்யாணச் சீர் கொடுப்பதுபோல மரியராஜின் மடியில் வைத்தான்.

“ஜெயிச்சுட்டு வாங்கண்ணே. பாப்பா புதுநன்மைக்கு நீங்க இல்லாம எப்படி?”

மரியராஜ் வழியெல்லாம் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு போனான். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஜெப்ரின் நின்று, நகர்ந்து, மறுபடி நின்று ஓட்டினான். இந்தத் தடவை கிண்டல்கூடச் செய்யவில்லை.

பாரில் ஜலஜா மேடம் ஒரு நாற்காலியின் நுனியில் கைப்பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கோவாக்காரன் கோப்பைகளைத் துடைத்து வைத்தான். தாடிக்கார வெள்ளைக்காரர் எழுந்து பக்கத்தில் வந்தார். மரியராஜ் புட்டியைத் திறந்தான். உள்ளே காற்று சின்னதாக மூச்சுவிட்டது. அந்தச் சத்தம் கேட்டு, உயிரோடு இருக்கிறது, கெடவில்லை என்று அவனுக்குத் தெம்பு வந்தது. கோப்பையைச் சாய்த்து, புட்டியைச் சாய்த்து, தாளில் போட்டிருந்த படத்தில் இருப்பதைப்போலவே ஒரே ஓட்டமாக ஊற்றினான்.  இதைவிட நன்றாக ஊற்ற இங்கிலாந்திலும் ஆள் கிடைக்காது.

கோப்பையில் நிறைந்தது கழுநீர்.

இரண்டாவது புட்டியை எடுத்தான். அதுவும் அப்படித்தான். மூன்றாவதைக் கோவாக்காரன் எடுக்க விடவில்லை. வெள்ளைக்காரர் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். “காய்ச்சியவர்கள் மேல் தப்பில்லை. ருசி சரியாக இருக்கிறது. ஆனால் யாரோ இதை நன்றாகக் குலுக்கியிருக்கிறார்கள்” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தன் இடத்துக்குப் போய் வேறு எதையோ வாங்கிக் குடித்தார். ஜலஜா மேடம் கைப்பையைத் திறந்து கடிதத்தை எடுத்தாள்.

“நாளைக்குத் தாறேன் மேடம்,” என்றான் மரியராஜ்.

கிடங்குக்குத் திரும்பினார்கள். இறக்குமேடையில் பன்னீர்செல்வம் காத்துக்கொண்டு நின்றான்.

“என்னாச்சுண்ணே?”

“கலங்கித்தாம்ல வந்துது.”

பன்னீர்செல்வத்தின் முகம் விழுந்துவிட்டது. “எப்படிண்ணே? வியாழக்கிழமை எல்லாத்தோடயும் சேத்துத் திருப்புனேன். அது பத்தாதுன்னு இன்னைக்கு ஏத்தறதுக்கு முன்னாடி இருபது தரம் கவுத்துக் கவுத்து நிமித்துனேனே. ஒங்க பேரு போட்ட பெட்டியாச்சே. ஒரு பொட்டு அடியில ஒட்டியிருக்காதே.”

மரியராஜ் அவன் கன்னத்தில் அறையத்தான் கையைத் தூக்கினான். தூக்கிய கை, பன்னீர்செல்வத்தின் தலைக்கு மேலே கதவில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்ததும் நின்றுவிட்டது. பழுப்பேறிய தாள். அவன் கையெழுத்து. ‘வியாழன்தோறும் எல்லாப் பெட்டிகளையும் கவிழ்த்து நிமிர்த்தவும். அடியில் எதுவும் தங்கக் கூடாது.’ எல்லா என்பதன் கீழே அவனே இரண்டு கோடு போட்டிருந்தான்.

டிரைவரிடம் சொன்னான், கோவாக்காரனிடம் மூன்று தடவை சொன்னான், மேடத்திடம் சொன்னான், ஃபோனில் அன்னபாக்கியத்திடம்கூட மண்டியின் கதையைச் சொல்லி அவள் தலையைத் தின்றான். பெட்டியைக் கையால் தொடுகிற இந்த ஒருவனிடம்தான் அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவனுக்கு எதற்கு இதெல்லாம் என்று நினைத்திருக்கிறான். இல்லை, நினைக்கக்கூட இல்லை. மூன்று வருஷத்துக்கு முன் தன்னிடமும் யாரும் எதுவும் சொன்னதில்லை என்பது அவனுக்கு இப்போது ஞாபகம் வந்தது. வெட்கத்தில் காது சுட்டது.

“நான் எதும் தப்புப் பண்ணிட்டனாண்ணே?”

“இல்ல. எழுதியிருக்கத நீ சரியாத்தான் செஞ்சிருக்க.”

மேடத்திடம் போய் உள்ளதைச் சொன்னால் என்ன ஆகும் என்று அன்று முழுக்க யோசித்தான். ‘யாரு கெடுத்தது’ என்ற கேள்விக்குப் பதில் அவன் பெயர். விசாரணை என்று ஒன்று வைப்பார்கள், அது முடிய ஒரு மாசம். கேடயம் போகட்டும். மெழுகுதிரியை மாமா கொளுத்துவார். ஞாயிற்றுக்கிழமை காலை படியேறிப் போய் கடிதத்தில் கையெழுத்துப் போட்டான். வந்து சேரும்போதே கெட்டிருந்தது. மேடம் சீல் குத்தி, டிராயரைத் திறந்து, பாஸ்போர்ட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். “இதை முதல்லயே செஞ்சிருந்தா இவ்ளோ டென்ஷன் தேவையா?” என்று கேட்டாள். எவ்வளவு ஆசைப்பட்டு வாங்கிய பாஸ்போர்ட்! கையில் வாங்கும்போது அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. தன்மேலேயே வந்த ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினான். கேடயத்தைப் பார்க்கவில்லை.

மிச்சமிருந்த பெட்டிகளும் திரும்பி வந்தவையுமாக எல்லாம் மது அறையின் ஒரு பக்கம் அடுக்கப்பட்டன. சுற்றிலும் சிவப்பு நாடா கட்டி, அறைக் கதவின் தாழ்ப்பாளில் மேடம் தானே சீல் வைத்தாள். அழிக்கப்போகிற சரக்கை யாரும் தொடக்கூடாது என்பது விதி.

வியாழக்கிழமை வந்தது. ஊருக்குப் போகிற பெட்டி கட்டியாயிற்று. ஷாஜினிக்கு வெள்ளைப் பூ வைத்த தலைவளையம் ஒன்று மீனா பஜாரில் வாங்கி, நசுங்காமலிருக்கக் கைப்பையில் வைத்திருந்தான். சாவியை ஒப்படைக்கும் முன் கடைசி வேலையாக, பீரைக் கொட்டிப் புட்டிகளை உடைக்கக் கொண்டுபோகிற லாரி வருவதற்குள் எண்ணிக்கை சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். மேடம் சீலை உடைத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

“ப்ரூவரிலேர்ந்து மெயில் வந்திருக்கு. புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும். ரொம்ப மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்காங்க, பாவம். எங்க தப்பு என்னன்னு எங்களுக்கே புரியல, இனிமே வெக்கை ஊருக்கு அனுப்பறதா இல்லைன்னு. சரி, சீக்கிரம் எண்ணிக் குடுங்க. ஃப்ளைட்டைக் கோட்டை விட்றாதீங்க,” என்று சொல்லிவிட்டு மேலே போனாள்.

அறைக்குள் ஏசி சீராக இரைந்துகொண்டிருந்தது. மரியராஜ் நாடாவைத் தாண்டி முதல் பெட்டியைத் திறந்தான். ஒரு புட்டியைக் கழுத்தைப் பிடித்து உருவி, குழல்விளக்குக்கு நேரே தூக்கினான். நல்லெண்ணெய் நிறம். விளக்கு மறுபக்கம் தெரிந்தது. அடியில் நகக்கனத்துக்கு வெளுத்த மண்டி, ஆடாமல் படுத்திருந்தது. இரண்டாவது பெட்டியைத் திறந்தான், ஐந்தாவதைத் திறந்தான், சிவப்பு மார்க்கரில் டர்ட்டி என்று எழுதியதைத் திறந்தான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யாரும் தொடாததால் அத்தனையும் தெளிந்து நின்றன.

மேலே மேடத்தின் அறைக்குப் பதினாறு படி. விமானத்துக்கு நாலரை மணி நேரம். சட்டைப்பையில் பாஸ்போர்ட் நெஞ்சில் குத்தியது. வெளியே லாரி பின்னோக்கி வருகிற பீப் பீப் சத்தம் கேட்டது. ஜெப்ரின் யாருக்கோ, “வா, வா, இன்னும் வா,” என்று கைகாட்டிக்கொண்டிருந்தான்.

பன்னீர்செல்வம் கைகளைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தான். நாடாவுக்கு வெளியிலேயே நின்று தயங்கினான்.

“அண்ணே, இன்னைக்கு வியாழக்கிழமை. போறதுக்கு முன்னாடி இதையும் ஒருதரம் திருப்பி வச்சிரவா?”

மரியராஜ் கையிலிருந்த புட்டியை விளக்குக்கு நேரே பிடித்தபடியே நின்றான். தோள் வலித்தது. கையை இறக்கினால் கலங்கிவிடும் என்று அப்படியே பிடித்திருந்தான். புட்டிக்குள் எங்கிருந்தோ ஒரு சின்னக் குமிழி கிளம்பி, மண்டியைக் கலைக்காமல் மேலே வந்துகொண்டிருந்தது.